பிரேக் பிடிக்கவில்லை

சாலாக் செலாத்தானில், கம்யூட்டர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிற ஒரு சீனர் சைக்கிள் கடையில், சென்ற பள்ளி விடுமுறையின்போது, என் பேரனும் நானும் இரண்டு சைக்கிள்களின் முன்னே ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றிருந்தோம். கையில் இருந்தது அறுநூறு வெள்ளி. இரண்டு வண்டிகளுக்கும் விலையில் பெரும்பேதம் இல்லை. ஒன்றின் சக்கரத்து நடுவே வட்டமான எஃகுத் தட்டு பளபளத்தது, மற்றதில் பழைய வழக்கப்படி ரிம்மின் இருபுறமும் ரப்பர் கட்டைகள் இருந்தன. “தாத்தா, டிஸ்க் பிரேக் போட்டதையே வாங்குவோம். தேவார வகுப்புக்கு வர்ற பையன்கள் எல்லாரும் அதைத்தான் வச்சிருக்காங்க” என்றான் பேரன். முதலாம் படிவத்தில் படிக்கிறவன். எதையும் பிடிவாதம் பிடிக்காமல் கேட்கிறவன். அதனாலேயே அவனுக்கு விடை சொல்வது எனக்குக் கடினமாக இருந்தது. அன்று என் மனத்தில் எழுந்த கேள்வி வியாபாரத்தைச் சேர்ந்ததன்று, தர்மத்தைச் சேர்ந்தது என்பதை வீடு திரும்பிய பிறகே உணர்ந்தேன்.

ஒரு பொருளின் சுபாவத்தை அறியாமல் அதைப் பற்றித் தர்மம் பேசுவது தகாது; ஆகவே முதலில் லௌகிகத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரேக் என்பது ஓட்டத்தை உராய்வினால் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடும் ஓர் ஏற்பாடு. ரிம் பிரேக் சக்கரத்தின் விளிம்பையே கவ்வுகிறது. டிஸ்க் பிரேக் சக்கரத்தின் நடுவில் அதோடு சேர்ந்து சுழலும் தட்டைக் கவ்வுகிறது. 26 அங்குலச் சக்கரத்தில் ரிம்மின் ஆரம் ஏறக்குறைய 28 சென்டிமீட்டர். வழக்கமாக வரும் 160 மில்லிமீட்டர் தட்டின் ஆரமோ 8 சென்டிமீட்டர்தான். ஆகையால் அதே சக்கரத்தை அதே விதமாக நிறுத்துவதற்குத் தட்டை மூன்று மடங்குக்கும் அதிகமான அழுத்தத்தோடு பிடிக்க வேண்டியிருக்கிறது. விலையுயர்ந்த வண்டிகளில் அந்த அழுத்தத்தை எண்ணெய் தருகிறது. அறுநூறு வெள்ளி வண்டியில் அதைத் தர வேண்டியது ஒரு மெல்லிய கேபிளும் சிறுவனின் இரண்டு விரல்களும். ஊன்றிப் பார்த்தால் ரிம்மும் ஒரு தட்டுத்தான். சக்கரமே தட்டாகி நிற்கும் டிஸ்க் பிரேக்கைத்தான் நாம் ரிம் பிரேக் என்று வேறு பெயரிட்டு அழைக்கிறோம். கடையில் பேரனின் கண்ணைக் கவர்ந்தது நாமரூப பேதம் ஒன்றே என்று எனக்குத் தோன்றியது.

ஆயினும் டிஸ்க்கின் பெருமையை நான் மறைக்க மாட்டேன். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. பிற்பகல் நான்கு மணிக்கு வானம் இருண்டு, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் தலையில் கொட்டுவதை இவ்வூரில் அறியாதார் இல்லை. நனைந்த ரிம்மை ரப்பர் கட்டை பிடிக்கும்போது முதலில் அது நீரைத்தான் துடைக்கிறது. சக்கரம் ஒரு முறை சுற்றினால் வண்டி ஏறக்குறைய 2 மீட்டர் போய்விடும். ஒன்றிரண்டு சுற்றுகள் துடைப்பதிலேயே கழிந்தால், அந்த இரண்டு, நான்கு மீட்டருக்குள் ஒரு குழந்தை நிற்கலாம். தட்டோ தரையின் சேற்றுக்கும் தேங்கிய நீருக்கும் மேலே உயர்ந்து நிற்கிறது. சக்கரம் கோட்டமானாலும் அதற்குப் பாதகமில்லை. இவை மெய்யான குணங்கள்.

எனினும் அன்று கடைக்கார தவுக்கே செய்து காட்டிய ஒன்றை நான் மறக்க முடியவில்லை. டிஸ்க் வண்டியின் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுழற்றிவிட்டு, “அங்கிள், கேளுங்க” என்றார். சிர்... சிர்... என்று, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில், தட்டு கட்டையில் உரசிற்று. இரண்டு மில்லிமீட்டர்கூடத் தடிப்பில்லாத அந்தத் தட்டு, கப்பலில் வரும்போதோ பெட்டியிலிருந்து எடுக்கும்போதோ சற்றே வளைந்திருந்தது. மலிவான வண்டிகளில் பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கட்டைதான் நகர்ந்து, தட்டை மறுபக்கத்துக் கட்டையோடு அழுத்துகிறது; கட்டை தேயத் தேயத் திருகைத் திருப்பிச் சரி செய்துகொண்டே இருக்க வேண்டும்; செயினுக்கு விடும் எண்ணெய் ஒரு துளி அதில் பட்டுவிட்டால் கட்டை கெட்டுப் போகும். இத்தனையும் நடப்பது ஒரு சிறிய உலோகக் கூட்டுக்குள். குனிந்து, விளக்கைப் பிடித்துப் பார்த்தாலொழிய எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியாது. ரிம் வண்டியின் ரப்பர் கட்டையோ நின்ற இடத்திலிருந்தே கண்ணுக்குத் தெரிகிறது.

தெரிகிறது என்ற அந்தச் சொல்தான் என்னை அறுபது ஆண்டுகளுக்குப் பின்னே இழுத்துக்கொண்டு போயிற்று.

கிள்ளான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். என் தகப்பனாரிடம் ஒரு பழைய கம்பி பிரேக் சைக்கிள் இருந்தது. கைப்பிடியை இழுத்தால் கம்பிகள் மேலெழுந்து, ரப்பர் கட்டைகளை ரிம்மின் உட்புறத்தில் அழுத்தும். ரிம் முலாம் பூசிய இரும்பு. மழையில் அது கண்ணாடியைப் போல வழுக்கும். கட்டைகள் தேய்ந்து, கட்டையைத் தாங்கும் தகடு தெரியத் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. நான் அதைப் பார்த்திருந்தேன்; சைக்கிளைத் துடைக்கிற வேலை என்னுடையது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில், எங்கள் வீட்டில் விரலளவு ரப்பர் கட்டை ஒன்று மாற்றப்படாமலே கிடந்தது. ஒரு மாலை, மழை விட்டும் விடாத நேரத்தில், செம்மண் சரிவில் இறங்கி வந்தபோது, லயத்து வீடுகளின் திருப்பத்தில் தண்ணீர் வாளியோடு குறுக்கே வந்த ஒரு பாட்டியின் மேல் மோதினேன். அவர் மணிக்கட்டு முறிந்தது. அந்தக் கை பிறகு சரியாகக் கூடவே இல்லை. அவர் இருந்த வரையில், கோயிலில் விபூதி வாங்க இடக்கையால் வலக்கையைத் தாங்கி நீட்டுவதை நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பார்த்தேன்.

“பிரேக் பிடிக்கலைப்பா” என்றேன் தகப்பனாரிடம். அவர் அடிக்கவில்லை. “பிரேக் பிடிக்கலை, சரி. நீ எங்கடா போயிருந்தே?” என்று மட்டும் கேட்டார்.

நம் பேச்சு வழக்கில் பிரேக் என்பது எழுவாயாக நிற்கிறது. பிடிப்பதும் அது, பிடிக்காததும் அது. மனிதன் அவ்வாக்கியத்தில் எங்குமே இல்லை. இந்த இலக்கணத்துக்குள் ஒளிந்துகொண்டு நாம் எத்தனை பொறுப்புகளிலிருந்து தப்பிவிடுகிறோம் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். பாட்டியின் வீட்டார் பெருந்தன்மையோடு, விதி என்றார்கள். என் தாயார், பிள்ளை வேண்டுமென்றா செய்தான் என்றார். விதியும் சங்கல்பமின்மையும் ஆகிய இவ்விரண்டு சமாதானங்களும் என் நெஞ்சில் ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை என்பதை விளங்கிக்கொள்ள எனக்குத் திருவாரூர் வேண்டியிருந்தது.

திருவாரூரில் நடந்த மனுநீதிச் சோழன் கதையைப் பெரிய புராணம் தன் தொடக்கத்திலேயே, திருநகரச் சிறப்பில் வைத்திருக்கிறது. இளவரசனின் தேர்க்காலில் துள்ளிவந்த கன்று ஒன்று அகப்பட்டு இறக்கிறது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. அமைச்சர்கள் பிராயச்சித்தம் சொல்லுகிறார்கள். கன்று தானாகவே பாய்ந்தது, இளவரசன் நினைத்துச் செய்யவில்லை என்பது அவர்களுக்குப் பக்கபலம். அரசன் அதை ஏற்காமல், தன் மைந்தனையே தேர்க்காலில் கிடத்துகிறான். அந்தத் தண்டனையை இன்று நம்மில் ஒருவரும் விரும்ப மாட்டோம், நானும் விரும்பவில்லை. ஆனால் அவ்வரசன் மறுத்த ஒன்று உண்டு. நினைத்துச் செய்யாதது செய்யாததே ஆகும் என்ற கூற்றை அவன் மறுத்தான். பசுவின் கண்ணீருக்கு முன்னால் நோக்கம் ஒரு சாட்சியாக நிற்கலாமே தவிர, விடையாக நிற்க முடியாது என்று அவன் கண்டான்.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது: முன்னே குவிந்து கிடக்கிற சஞ்சிதம், இப்போது அனுபவத்துக்கு வந்திருக்கிற பிராரப்தம், இனிமேல் வருவதற்காக இன்று நாம் செய்துகொண்டிருக்கிற ஆகாமியம். செம்மண் சரிவில் இறங்கிய அந்தச் சில கணங்களில் நான் சுதந்திரன் அல்லன். கை பிரேக்கை இழுத்துக்கொண்டுதான் இருந்தது, சக்கரம் கேட்கவில்லை. அப்போது நடந்தது பிராரப்தம் என்றே சொல்லலாம். என் சுதந்திரம் அதற்கு முந்திய இரண்டு வாரங்களில் இருந்தது. கட்டை தேய்ந்திருப்பதைத் துணியும் கையுமாய்க் குனிந்து பார்த்து, நாளைக்குச் சொல்லலாம் என்று நிமிர்ந்த ஒவ்வொரு மாலையிலும் இருந்தது. மனிதனுக்குச் சுயேச்சை உண்டா இல்லையா என்று பண்டிதர்கள் வாதிடும்போது, மோதும் கணத்தையே முன்வைத்து வாதிடுகிறார்கள்; அந்தக் கணத்தில் அது பெரும்பாலும் இருப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். அது சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையில், சைக்கிள் கடை திறந்திருக்கும்போது, யாரும் கவனிக்காத இடத்தில் இருந்துவிட்டுப் போய்விடுகிறது.

கடோபநிஷதம் உடலைத் தேராகவும், புத்தியைச் சாரதியாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், இந்திரியங்களைக் குதிரைகளாகவும் வருணிக்கிறது. அந்தத் தேரில் தனியாக ஒரு தடை இல்லை. ஓட்டுகிற கடிவாளமே நிறுத்துகிற கருவியும் ஆகும். சாரதி கண்ணயர்ந்தால் இரண்டும் ஒருங்கே போய்விடும். நம் கோயில் தேர் வேறுவிதம். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், ஏறக்குறைய 300 டன் எடை. திருச்சி பெல் நிறுவனம் அதற்கு இரும்புச் சக்கரமும் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறது. அப்படி இருந்தும், முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இன்றும் சக்கரத்தின் அருகே நடக்கிறார்கள். மரக்கட்டையைச் சமயம் பார்த்துச் சக்கரத்தடியில் செருகி வேகத்தைக் குறைக்கிறார்கள், தேரைத் திருப்புகிறார்கள். முட்டுக்கட்டை என்ற சொல்லை நாம் இடைஞ்சலுக்குப் பெயராக்கிவிட்டோம். தேரோட்டத்தில் அது வடம் பிடிப்பதற்குச் சமமான ஊழியம். வடம் பிடிப்பவர் ஆயிரக்கணக்கானோர், அவர்கள் முகம் முன்னோக்கி இருக்கிறது; கட்டை போடுபவர் சிலரே, அவர்கள் கண் சக்கரத்தை விட்டு அகல்வதில்லை.

பத்துமலையில் தைப்பூசத்தன்றும் இதையே காண்கிறேன். முதுகில் கொக்கிகள் கோத்து, அருள் வந்த நிலையில் முன்னோக்கிப் பாயும் பக்தருக்குப் பின்னால், அக்கொக்கிகளின் கயிறுகளைப் பிடித்தபடி ஒருவர் வருவார். எல்லோரும் முன்னவரையே பார்ப்பார்கள். நான் சில ஆண்டுகளாகப் பின்னவரின் கைகளையே பார்க்கிறேன்: கயிறு இரண்டு சுற்றாக உள்ளங்கையில் சுற்றியிருக்கும்; விரல்கள் வெளுத்திருக்கும்; முன்னவரின் தோள் எப்போது குலுங்குகிறது என்று கவனித்து, சதை கிழியாத அளவுக்கு விட்டும், தடுமாறி விழாத அளவுக்குப் பிடித்தும் வருவார். 272 படிகளை ஏறும் வரையில் அவருக்குக் கண்ணை வேறெங்கும் திருப்ப இயலாது.

2017 பிப்ரவரி 18 விடியுமுன் ஜொகூர் பாருவில் கார் மோதி இறந்துபோன எட்டுச் சிறுவர்களையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ‘பாசிகல் லாஜாக்’ என்று நம் நாட்டுப் பிள்ளைகள் சொல்லும், மாற்றியமைத்த சைக்கிள்களில் அவர்கள் போனார்கள். வேகத்துக்காகப் பிரேக்கையே கழற்றிவிடுவது அவ்விளையாட்டில் வழக்கம். கார் ஓட்டியவர் மேல் தொடுத்த வழக்கு பல ஆண்டுகள் நீதிமன்றம் நீதிமன்றமாகச் சென்றது. அதில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? அந்த வண்டிகள் பகலில் எங்கோ ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் சாய்ந்து நின்றிருக்கும். பெரியவர்கள் அவற்றைக் கடந்து போய் வந்திருப்பார்கள். நானும் என் குடியிருப்பில் அப்படிப்பட்ட வண்டிகளைக் கடந்து நடந்திருக்கிறேன்.

ஆகையால் கடையில் நான் ரிம் வண்டியைத் தேர்ந்தெடுத்தேன். அது உயர்ந்தது என்பதனால் அன்று. ஆயிரத்தைந்நூறு வெள்ளி கையில் இருந்து, எண்ணெயில் இயங்கும் நல்ல டிஸ்க் கிடைத்திருந்தால், இந்த மழை நாட்டில் அதையே வாங்கியிருப்பேன். ஆனால் அறுநூறு வெள்ளிக்குள், தேய்மானத்தை மறைக்கும் பிரேக்கும் தேய்மானத்தைக் காட்டும் பிரேக்கும் எதிரெதிரே நிற்கும்போது, ஒரு சிறுவனுக்குக் காட்டுவதைத்தான் கொடுக்க வேண்டும் என்று தோன்றிற்று. ரிம் இரும்பா அலுமினியமா என்று கேட்டு, காந்தம் வைத்துப் பார்த்து, அலுமினியம் என்று உறுதி செய்துகொண்டேன். ஈரத்தில் அந்த ஒரு வித்தியாசம், டிஸ்க்கா ரிம்மா என்ற வித்தியாசத்துக்குக் குறைந்ததன்று. மிச்சமான பணத்தில், வண்டியோடு வந்த கட்டைகளைக் கழற்றிவிட்டு, ஈரத்திலும் பிடிக்கும் மென்மையான ரப்பர் கட்டைகள் நான்கு போடச் சொன்னேன். தவுக்கே சக்கரத்தின் கோட்டத்தையும் எடுத்துக் கொடுத்தார். பேரனின் முகம் சற்று வாடியது. நான் பாட்டியின் மணிக்கட்டைப் பற்றி, முதன்முறையாக, அந்தக் கடை வாசலிலேயே அவனுக்குச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, தேவார வகுப்புக்குப் புறப்படுமுன், அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, நனைந்த துணியால் ரிம்மைச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். துணியில் கரியைப் போல அழுக்கு வந்தது. பிறகு பிரேக் கட்டையின் அருகே முகத்தை வைத்துப் பார்த்தவன், “தாத்தா, உங்க சட்டையில ஊக்கு இருக்கா?” என்று கேட்டான். கொடுத்தேன். கட்டையின் பள்ளத்தில் பதிந்திருந்த மணல் ஒன்றை மெல்ல நெம்பி எடுத்து, உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினான். பிறகு மற்ற மூன்று கட்டைகளையும் பார்க்கக் குனிந்தான்.