பாலைக்கு நிலம் ஏது?

திணைகளுக்கு நிலம் வகுத்த தொல்காப்பியர் பாலைக்கு மட்டும் தனி நிலம் வகுத்தாரல்லர். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தவிடத்துப் பாலை தோன்றும் என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். பிரிவுக்குரிய திணைக்கு நிலமின்மையே பொருத்தம் என்பதை நாம் கல்லூரியில் படித்தோமேயன்றி உணர்ந்தோமில்லை. உணர்த்தியது, 2018-ஆம் ஆண்டுக் கோடையில் வளைகுடா நகரொன்றின் விமான நிலையத்தில் நாம் கழித்த பதினொரு மணி நேரம்.

டொராண்டோவில் வாழும் தமக்கையாரைக் கண்டு தில்லிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மைய அரசின் எழுத்தர் அயல்நாடு செல்ல அலுவலகத்தின் முன் இசைவு வேண்டும். அது கிடைத்தபின் விலை குறைந்த பயணச்சீட்டு வேண்டும். விலை குறையக் குறையக் காத்திருப்பு நீளும் என்பது உலக வழக்கு. அவ்விரு நகரங்களுக்கும் இடையே கோடையில் ஒன்பதரை மணி நேர வேறுபாடு. உடலுக்குள் ஓடும் கடிகாரமோ நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமே தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பர். அக்கடிகாரம் இயங்கும் நுட்பத்தைக் கண்டறிந்த அறிஞர் மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. நமக்கு உறக்கம் கிடைக்கவில்லை.

வழிநடையின் களைப்பை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். கருவுற்ற நிலையில் இறந்துபட்ட பெண்ணின் நினைவாகச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நாட்டினர். யாரோ ஒரு வழிப்போக்கன், பிறர் உதவியை எதிர்பாராமல் தலைச்சுமையை இறக்கி இளைப்பாற வேண்டும் என்பதற்காக, தம் வீட்டுத் துயரத்தைக் கல்லாக்கி நட்டு வைத்தவர்கள் அவர்கள். நாம் இருந்த கூடத்திலோ பளிங்குத் தரை உண்டு, நறுமணப் பொருள் விற்கும் கடைகள் உண்டு, பொன் விற்கும் கடையும் உண்டு. இருக்கைகளுக்கு இடையே மட்டும் இரும்புக் கைப்பிடிகள்! அமரலாம், படுத்தல் இயலாது.

நிலமற்ற அவ்விடத்தையே வீடாகக் கொண்டவரும் உண்டு. ஈரானில் பிறந்த மெஹ்ரான் கரீமி நாசேரி, உரிய ஆவணங்கள் இன்மையால், பாரிசு நகரத்துச் சார்லஸ் டி கோல் விமான நிலையத்தில் 1988 முதல் 2006 வரை வாழ்ந்தார். பின்னர் வெளியேறியவர், இறுதியில் அங்கேயே திரும்பி வந்து 2022 நவம்பரில் உயிர் நீத்தார். அத்தனை ஆண்டுகளில் அவரைக் கண்டு கடந்தவர் எத்துணைப் பேர்! கண்டவர்க்கெல்லாம் பிடிக்க வேண்டிய விமானம் ஒன்று இருந்தது.

அவர்களைக் குறைகூற நமக்கு வாயில்லை.

நமக்கு எதிரே, தரை விரிப்பின் மீது ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தார். தலைக்கு அண்டைக் கொடுத்திருந்த அட்டைப் பெட்டியில் பெயரும் ஊரும் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த சீட்டில் சென்னை விமானத்தின் எண் தெரிந்தது. தலைக்கு மேலிருந்த பலகையிலும் அதே எண், இறுதி அழைப்பு என்று மின்னியது. ஒலிபெருக்கியில் ஒரு சொல்லும் இல்லை. பலகையைப் பார்த்துப் பயணிகளே செல்ல வேண்டும் என்பது இப்போது பல நிலையங்களின் முறை.

பார்த்தோம். அயலாரைத் தொட்டெழுப்புவது முறையா என்று எண்ணினோம். பணியாளர் எவரேனும் எழுப்புவர் என்று எண்ணினோம். வந்த கோப்பில் ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதி அடுத்த மேசைக்கு நகர்த்திப் பழகிய மனம் அன்றும் அதையே செய்தது. பிறகு நமக்கும் கண் செருகிவிட்டது.

விழித்தபோது அவர் வாயிலருகே கைகட்டி நின்றுகொண்டிருந்தார். விமானம் போய்விட்டது.

இந்நிகழ்ச்சியைக் கேட்ட நண்பர் ஒருவர், “களைப்பு உடலின் குணம், அதற்கு மனத்தைத் தண்டிப்பானேன்?” என்றார். அவ்வழக்கை ஏற்றுக்கொள்ள நமக்கும் ஆசைதான். ஆனால் அதற்குப் பத்து நிமிடம் முன்னர், சாக்லெட் டப்பாவின் விலையை இந்திய ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதற்காக மூன்று கடைகள் ஏறி இறங்கியிருந்தோம். அதற்குக் கால்களில் வலுவிருந்தது. நான்கடி நடந்து ஒரு தோளைத் தொட வலுவில்லை என்பதை எந்த மன்றத்தில் சொல்வது? சட்டம் நம்மைக் கேளாது. அவரை எழுப்பும் கடமை நமக்கு இருந்ததாக எவ்விதியும் கூறவில்லை. உறங்கியவர் கோட்டணிந்த கனவானாக இருந்திருப்பின் எழுப்பியிருப்போமோ என்னும் ஐயமே நம்மை இன்றளவும் விடாதிருக்கிறது.

அவர் திரும்பி வந்து நம் கையிலிருந்த தமிழ் வார இதழைக் கண்டார். “சார் தமிழா?” என்றார். “அசந்துட்டேன் சார். ரெண்டு ராத்திரி தூக்கமில்லே. மூணு வருசம் கழிச்சுப் போறேன்.” மறுநாள் விமானத்தில்தான் இடமாம். வீட்டுக்குத் தெரிவிக்க நம் தொலைபேசியைக் கேட்டார், கொடுத்தோம். விமானம் தாமதம் என்று மனைவியிடம் கூறினார். நாமும் அவரிடம் உண்மையைக் கூறவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தோம். அவர் அதற்கு இருமுறை நன்றி கூறியது, வசைமொழி கேட்டதினும் கடுமையாக இருந்தது.

மேலும் சில மணி நேரம் இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே மீண்டும் உறங்கிப் போனோம். தோளில் ஒரு கை பட்டது.

“சார், எந்திரிங்க. டெல்லி போர்டுல வந்துடுச்சு.”

அவர் உறங்கவேயில்லை.