யாரிடமிருந்து சுதந்திரம்?

நீதித்துறைச் சுதந்திரம் என்றதும் பலருக்கு அரசாங்கத்தின் தலையீடுதான் நினைவுக்கு வரும். நாற்று நட்ட அம்மாவின் மகளாகக் கறுப்பு அங்கி அணிந்த எனக்குக் கீழவெண்மணி நினைவுக்கு வருகிறது.

அன்றைய தஞ்சை மாவட்டத்தில், நெல்லறுத்தவர்கள் கூலியை உயர்த்தக் கேட்டுப் போராடிய காலம். 1968 டிசம்பர் 25 இரவு, ஒரே குடிசைக்குள் 44 தலித்துகள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் செல்வந்தர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம்.

இப்படி எழுத எந்த அமைச்சரின் மிரட்டலும் தேவையில்லை. யார் சொல் நம்பத்தக்கது என்று ஊர் முன்பே முடிவு செய்திருந்தால் போதும். எந்தத் திசையிலிருந்து வரும் தகாத செல்வாக்குக்கும் நீதிபதி ஆட்படக்கூடாது என்கின்றன, 1985இல் ஐ.நா. ஏற்ற கோட்பாடுகள். அந்தத் திசைகளில் ஒன்று நீதிபதியின் மனதுக்குள்ளேயே இருக்கிறது.

நடவுக்காரியின் மகள் நடுநிலையாக இருப்பாளா என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். மிராசுதார் வீட்டுப் பையனை யாரும் கேட்டதில்லை. சார்பு எனக்கும் உண்டு. கேட்கப்பட்டதால் அதைப் பற்றி யோசித்திருக்கிறேன். கேட்கப்படாத சார்புதான் தீர்ப்பாகிவிடுகிறது. அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்குள் கேட்பதும் வழக்கறிஞரின் வேலைதான்.