பிச்சையன்று, பாக்கி!

"கட்டணம் கட்ட வக்கற்றவனுக்குக் கடல் கடந்த கல்வி எதற்கு?" என்பார் உண்டு.

1913-இல் பரோடா மன்னர் சயாஜிராவ் தந்த உதவித்தொகையால் கொலம்பியாவில் பயின்றார் அம்பேத்கர். 1917-இல் உதவி முடிந்தது. இலண்டன் படிப்பு பாதியில் நின்றது. பம்பாயில் பேராசிரியராகி, மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகாராசரின் உதவியும் சேர, 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார், 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

குறைந்தது அறிவா? பணமல்லவா! மன்னர் இரங்கினார், இரங்காதிருந்தால்? தோழர்களே, ஒருவர் இரக்கத்தில் தொங்கும் கல்வி உரிமையாகுமா?

தலைமுறை தலைமுறையாய் உழைப்பைப் பெற்று எழுத்தை மறுத்த சமுதாயம் கடன்பட்டது. 2010-இல் முதல் பட்டதாரிகளுக்குத் தொழிற்படிப்புகளில் தமிழக அரசு தந்த கட்டணச் சலுகை அருளன்று. அக்கடனில் ஒரு தவணை. ஆட்டையாம்பட்டியில் பகலெல்லாம் முறுக்குச் சுற்றி, இரவில் ஏடு புரட்டும் நங்கைக்கும் அக்கடன் உண்டு. அவள் கேட்பது பிச்சையன்று, பாக்கி!