காணும் பொறியும் மனிதனின் கடப்பாடும்

கருவியின் ஆற்றல் பெருகுந்தோறும் மனிதனின் பொறுப்புக் குறைகின்றதா என்பது இக்காலத்தின் முதன்மையான அறவியல் வினாக்களுள் ஒன்று. கடலிற் சேரும் பிளாஸ்டிக் கழிவுகளைச் செயற்கை நுண்ணறிவின் துணைகொண்டு தேடி அகற்றும் முயற்சி இவ்வினாவைப் புதிதாக எழுப்புகின்றது.

கலிபோர்னியாவுக்கும் ஹவாய்த் தீவுகளுக்கும் இடைப்பட்ட பசுபிக் கடற்பரப்பில் ஏறத்தாழ 79,000 தொன் பிளாஸ்டிக் மிதப்பதாக 2018ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அதனை அகற்ற முற்பட்டுள்ள ‘ஓஷன் கிளீனப்’ என்னும் நெதர்லாந்து அமைப்பு, கப்பலிற் பொருத்திய கருவிகள் எடுக்கும் படங்களிலிருந்து கழிவுகளை இனங்காணக் கணினியைப் பயிற்றியுள்ளது. கழிவு செறிந்த இடத்தை அறியாது பெருங்கடலில் வலை விரித்தல் வீண்செயலாதலின், இதன் பயன் மறுக்கத்தக்கதன்று.

ஆயினும், அதே கடற்பரப்பில் மிதந்து வாழும் ஊதா நத்தை முதலிய சிற்றுயிர்களும் செறிந்துள்ளமையை 2023ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டியது. கழிவுள்ள இடமே உயிருள்ள இடமுமாயின், எத்துணைக் கழிவை அகற்றுவதற்காக எத்துணை உயிர்களை இழக்கலாம்? இவ்வெல்லையைக் கணினி தானே கண்டறிவதில்லை. மனிதனே அதனை வகுத்தளிக்கவேண்டும்.

மேலும், பொறி ‘எங்கே’ என்ற வினாவுக்கு விடை தரும். ‘யார் பொறுப்பு’ என்பதற்குத் தராது. இலங்கையின் அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. 2021இல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளை ஏற்றிவந்திருந்தது. கடலிற் சிதறிய அம்மணிகள் கரையெங்கும் ஒதுங்கின. அவை ஒதுங்கிய இடங்களைப் பொறி சுட்டலாம். ஆனால் அவற்றுக்கு விடைகூற வேண்டியவர் யாரென்பதை உயர் நீதிமன்றமே 2025இல் தீர்மானித்து, கப்பல் தரப்பினர் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

துப்புரவு செய்யப் பொறியுண்டு என்ற எண்ணம் வீசுவோரின் மனச்சான்றை மழுங்கச் செய்யும் என்பாருமுளர். அவ்வச்சம் நியாயமானதே. ஆனால் அதற்காகப் பொறியைப் புறக்கணித்தல் தீர்வாகாது. பசுபிக் கழிவின் எடையில் ஏறத்தாழ 46 வீதம் மீன்பிடி வலைகளே என மேற்கூறிய 2018ஆம் ஆண்டின் ஆய்வு கண்டது. இவ்வாறு கழிவின் தோற்றுவாய் புலனாகியபின், அறியாமையைக் காட்டித் தப்பித்தல் இயலாது. கடல் கண்ணுக்கெட்டாதிருந்த காலத்தில் ‘அறிந்திலேம்’ என்பது ஓரளவேனும் ஏற்கத்தக்க விடையாயிருந்தது. காணும் ஆற்றல் பெருகியபின் அவ்விடைக்கு இடமில்லை. ஆகவே, பொறி மனிதனின் பொறுப்பைக் குறைக்கவில்லை. அதனை மேலும் கனமாக்கியுள்ளது.