கோட்டுக்கு வெளியே நிற்கும் வேம்பு

மரத்தின் சுற்றளவை அளப்பது எளிது. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், மார்பளவில், டேப்பைச் சுற்றினால் ஆயிற்று. கவிகையை அளப்பதுதான் பாடு. கிளை நுனிக்கு நேர்கீழே ஒருவர் அண்ணாந்து நிற்க வேண்டும், எதிர்நுனிக்குக் கீழே இன்னொருவர். வடக்கு தெற்காக ஒரு முறை, கிழக்கு மேற்காக ஒரு முறை. மரங்கள் நெருங்கிய இடத்தில் எந்தக் கிளை யாருடையது என்பதே பிடிபடாது. அதனால் சில மரங்களை முழுதாக அளந்து, சுற்றளவிலிருந்து கவிகையின் அகலத்தைக் கணிக்கும் சமன்பாடு ஒன்றை அமைத்து, மற்ற மரங்களுக்கும் அதையே பொருத்துவோம். கிண்டியில் என் புள்ளியியல் மாணவர்களோடு நான் செய்துவரும் வேலை இது. செய்யச் செய்ய ஒரு கேள்வி விடாமல் தொடர்கிறது: மரத்தை அறிவது என்றால் அதன் இனத்தை அறிவதா, அந்த ஒரு மரத்தை அறிவதா?

மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் வைத்து, அறியும் வழி இரண்டே என்கிறார்: காட்சி, கருத்தளவு (அனுமானம்). திக்நாகரின் பௌத்த தருக்கத்தை ஒட்டிய பகுதி அது. காட்சியில் அகப்படுவது தனிப்பொருள். அனுமானத்தில் அகப்படுவது பொதுத்தன்மை மட்டுமே, அதுவும் மனம் கட்டிக்கொள்வது என்பது திக்நாகர் கொள்கை. என் சமன்பாட்டைப் பார்த்தே சொன்னதுபோல இருக்கிறது. இவ்வளவு பருமனுள்ள வேம்புக்கு இவ்வளவு அகலம் என்று அது சொல்லும்போது, எதிரே நிற்கும் வேம்பைப் பற்றி அது பேசவில்லை. அந்தப் பருமனுள்ள வேம்புகளின் சராசரியைப் பற்றியே பேசுகிறது.

கிண்டி தேசியப் பூங்கா வெறும் 2.7 சதுர கிலோமீட்டர். உலர் பசுமைமாறாக் காடு. வேம்பும் வாகையும் காட்டு எலுமிச்சையும் பனையும் கலந்து நிற்கும் இத்தகைய இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சமன்பாட்டுக் கோடு செல்லாது. பனை வயதாக ஆகப் பருப்பதில்லை. அதன் சுற்றளவு ஓலை விரிவைப் பற்றி அதிகம் சொல்லாது. ஆகவே இனத்துக்கொரு கோடு வேண்டும். ஆனால் ஓர் இனத்தில் மூன்று நான்கு மரங்களே அளக்கக் கிடைத்திருந்தால்? அப்போது எல்லா இனங்களையும் சேர்த்துக் கணிக்கும் கலப்பு மாதிரி அந்த இனத்தின் கோட்டை எல்லா மரங்களின் பொதுக்கோட்டை நோக்கி இழுத்துவிடும். மொத்தத்தில் பார்த்தால் கணிப்பு இதனால் துல்லியமாகிறது. இந்தக் கணிதத்தை நான் மதிக்கிறேன், நம்பிக் கற்பிக்கிறேன். இருந்தும் மனம் ஒப்பவில்லை. அரிய மரம், நாம் அதைக் குறைவாக அளந்தோம் என்ற ஒரே காரணத்துக்காக, பெரும்பான்மையின் சாயலைப் பெறுகிறது. மனிதர்களைக் கணிக்கும் இடத்திலும் இதே நடக்கிறது; அங்கே இது அநீதி.

அதற்காகத் திக்நாகரோடு முழுதும் போய்விட என்னால் முடியாது. எங்கள் வளாகச் சுவரோரம் ஒரு வேம்பு. தினமும் அதைக் கடந்துதான் போகிறோம். யாரும் நின்று பார்த்ததில்லை. வரைபடத்தில் அது கோட்டை விட்டு வெகுதூரம் விலகி நின்றபோதுதான் போய்ப் பார்த்தோம். கிளையெல்லாம் ஒரே பக்கம் பாய்ந்திருந்தது. அந்தப் பக்கத்தில் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சாய்ந்த மரத்தின் அடிக்கட்டை. திறந்த வெளிச்சத்தை நோக்கி வேம்பு போயிருக்கிறது. கண் தினமும் கண்டும் காணாததைப் பொதுக்கோடு காட்டிக்கொடுத்தது. மனம் கட்டியது பொய் என்றால், இந்த மெய்யை எப்படிக் காட்டியது?

புள்ளியியலாளர் மகாலனோபிஸ் 1954இல் எழுதிய கட்டுரையில் புள்ளியியலின் அடிப்படைகளைச் சமணரின் ஸ்யாத்வாதத்தோடு சேர்த்துப் பார்த்தார். எந்தக் கூற்றும் ஒரு நிலையிலிருந்து மட்டுமே உண்மை என்ற அந்தப் பார்வைதான் எனக்கு இங்கே வழி தருகிறது. சுற்றளவு மட்டும் தெரிந்த நிலையில் இவ்வளவு. பக்கத்து மரமும் தெரிந்தால் வேறு. புயலும் தெரிந்தால் இன்னும் வேறு. எங்கே நின்று சொல்கிறது என்பதை மறைக்காத கணிப்பு பொய் சொல்வதில்லை. அதனால்தான் மாணவர்களிடம் இரண்டு வேலைகள் கேட்கிறேன்: கோட்டை விட்டு அதிகம் விலகிய மரத்தடிக்கு நேரில் போவது, குறைவாக அளந்த இனங்களை அடுத்த முறை முதலில் அளப்பது.