இறைவழியும் மனித இசைவும்

திருமணங்கள் சொர்க்கத்தில் நிச்சயிக்கப்படுகின்றன என்பது நம்மிடையே வழங்கிவரும் பழமொழி. திருமண அழைப்பிதழ்களில் 'இறைவன் திருவுளப்படி' என்ற சொற்கள் முதல் வரியிலேயே இடம்பெறுகின்றன. கோயிலில் மூன்று ஞாயிறுகள் திருமண அறிக்கை வாசிக்கப்படும்போது, பெற்றோர் உள்ளத்தில் எழும் நன்றியும் இவ்வுணர்வையே சார்ந்தது. ஆயினும் இச்சொற்களைச் சற்று நிறுத்திச் சிந்தித்தால் இரு வினாக்கள் எழுகின்றன. ஒரு மணப்பேச்சில் இறைவனின் திருவுளம் எது என்பதை நாம் எங்ஙனம் அறிகிறோம்? அறிந்துவிட்டதாக நாம் நம்பிய பின்னர், அந்த வாழ்வை வாழப் போகிறவர்களின் விருப்பத்திற்கு என்ன இடம் உண்டு?

இவ்வினாக்களுக்கு விடைதேடுவோர் தொடக்க நூலின் 24ஆம் அதிகாரத்தைப் பொறுமையோடு வாசிக்க வேண்டும். ஈசாக்குக்கு ரெபேக்காவை மணம் பேசிய வரலாறு அது. உலகப் படைப்பை 31 வசனங்களைக் கொண்ட முதல் அதிகாரத்தில் எடுத்துரைத்த அந்நூல், இந்த ஒரு மணப்பேச்சுக்கு 67 வசனங்களை ஒதுக்குகிறது. தொடக்க நூலிலேயே மிக நீண்ட அதிகாரம் இதுதான். ஒரு வேலையாளின் பயணத்தையும், கிணற்றடியில் நிகழ்ந்த ஓர் உரையாடலையும் இவ்வளவு விரிவாகக் கூற விவிலிய ஆசிரியர் எண்ணியது காரணமின்றி அன்று.

முதுமையடைந்த ஆபிரகாம் தம் வீட்டின் மூத்த ஊழியரை அழைத்து, தம் பிறந்த நாட்டிற்குச் சென்று மகனுக்குப் பெண் கொள்ளுமாறு ஆணையிடுகிறார். அந்த ஊழியரின் பெயரை இவ்வதிகாரம் கூறவில்லை. 15ஆம் அதிகாரத்தில் வரும் எலியேசரே இவர் என்பது மரபுவழிக் கருத்து. பத்து ஒட்டகங்களோடு நெடுந்தொலைவு பயணம் செய்து, நாகோரின் நகருக்கு வெளியேயுள்ள நீர்நிலையை அவர் அடைகிறார். மாலை நேரம், பெண்கள் நீர் மொள்ள வரும் வேளை. அங்கே நின்று அவர் மன்றாடுகிறார்.

அவரது செபத்திற்கு முன்னரே அவருடைய உலக அறிவு வேலை செய்திருப்பதை நாம் கவனிக்க வேண்டும். ஊர்ப் பெண்களைக் காண ஏற்ற இடம் எது, ஏற்ற வேளை எது என்று தேர்ந்து அங்கே வந்து நின்ற பிறகே அவர் கைகுவிக்கிறார். பின்னர் நன்றி கூறும்போதும், தாம் வழியில் இருக்கையில் ஆண்டவர் தம்மை நடத்தி வந்ததாகவே கூறுகிறார். மயிலாப்பூரில் மக்கள் 'காட்டுக் கோயில்' என்று அழைக்கும் பிரகாச மாதா ஆலயத்தின் வரலாறும் இத்தகையதே. கடலில் வழிதவறிய போர்த்துக்கீசிய மாலுமிகளுக்கு ஓர் ஒளி தோன்றி வழிகாட்டியது என்பது அவ்வாலய மரபு. ஒளி தோன்றியதால் அவர்களுடைய உழைப்பு நின்றுவிடவில்லை. கரை சேர்ந்து, அந்த ஒளியைப் பின்தொடர்ந்து நடந்தவர்கள் அவர்களே. இறைவன் வழிகாட்டுவது பெரும்பாலும் நடந்துகொண்டிருப்பவருக்குத்தான்.

அந்த ஊழியர் கேட்ட அடையாளம் எத்தகையது? நம் நாட்டில் பெண் பார்க்கப் புறப்படும்போது சகுனம் பார்ப்பதும், பல்லி ஒலிக்குப் பலன் கூறுவதும், வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலமாகக் கட்டி ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வதும் பழைய வழக்கங்கள். கிறிஸ்தவர்களாகிய நாமும் இவற்றிலிருந்து முற்றிலும் விலகிவிட்டோம் என்று கூற இயலாது. கண்ணை மூடி விவிலியத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தை விடையாகக் கொள்வோர் உளர். திருவுருவத்தின் முன் சீட்டுக் குலுக்கிப் போடுவோரும் உளர். இவை அனைத்திற்கும் பொதுவான ஒரு குறை உண்டு. பல்லியின் ஒலிக்கும் அப்பெண்ணின் உள்ளத்திற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. சீட்டில் எழுந்த பெயருக்கும் அம்மனிதனின் குணத்திற்கும் தொடர்பில்லை.

ஊழியர் கேட்ட அடையாளமோ வேறு வகையானது. தாம் குடிக்க நீர் கேட்கும்போது, தமக்கு மட்டுமன்றித் தம் ஒட்டகங்களுக்கும் நீர் தர முன்வரும் பெண்ணே ஈசாக்குக்கு உரியவளாக இருக்கட்டும் என்கிறார். அடையாளமும் அது சுட்டும் பொருளும் இங்கே ஒன்றாகின்றன. அந்நியனிடம் இரக்கம், வாயில்லா உயிர்களிடம் பரிவு, கேட்டதற்கு மேல் கொடுக்கும் தாராளம் ஆகியவை இல்லற வாழ்வுக்கு என்றும் வேண்டப்படுபவை. அவர் வானத்தில் அடையாளம் தேடவில்லை. ஒரு மனித உள்ளத்தின் சுதந்திரமான செயலில் தேடினார்.

அச்செயலின் பளுவை அறியாமல் இப்பகுதியை வாசித்துவிடுகிறோம். நீண்ட பயணத்தில் தாகமுற்ற ஓர் ஒட்டகம் ஒரே வேளையில் ஏறத்தாழ 100 லிட்டர் வரை குடிக்க வல்லது. அதில் பாதியளவே குடித்தன என்று கொண்டாலும் பத்து ஒட்டகங்களுக்கு 500 லிட்டர் ஆகிறது. நம் வீட்டுக் குடம் சுமார் 15 லிட்டர் கொள்ளும். அக்கணக்கில் முப்பது குடங்களுக்கு மேல், ஊற்றுக்கு இறங்கி, மொண்டு, மேலேறி வந்து தொட்டியில் ஊற்ற வேண்டும். 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோனபோது, கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் லாரித் தண்ணீருக்காகக் குடங்களோடு காத்து நின்ற பெண்களுக்கு இந்தக் கணக்கை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு குடத்தை மாடிக்குச் சுமந்தவருக்கு முப்பது குடங்களின் பொருள் தெரியும். ரெபேக்கா அதைச் சிறிதும் தயங்காமல் ஓடி ஓடிச் செய்தாள் என்கிறது விவிலியம். அவள் அண்ணன் லாபானும் அன்று ஓடுகிறான். ஆனால் தங்கையின் கையில் பொற்காப்புகளைக் கண்ட பிறகு.

இங்கே ஒரு தவறான பாடத்தைக் கற்றுவிடலாகாது. 'மருமகள் இப்படித்தான் உழைக்க வேண்டும்' என்று இப்பகுதியைக் காட்டிச் சொல்வது எளிது. ஆனால் ஊழியர் கேட்டது சிறிதளவு குடிநீர் மட்டுமே. மற்றவை கேட்காமல் தரப்பட்டவை. கட்டளையிட்டுப் பெறும் பணிவிடை, அன்பின் அடையாளமாக இருக்க முடியாது. மேலும், கிணற்றடிச் சோதனை பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. யாக்கோபு கல்லைப் புரட்டி ராகேலின் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டினார். மோசே மிதியான் நாட்டில், இடையர்களால் விரட்டப்பட்ட ஏழு சகோதரிகளுக்குத் துணைநின்று, அவர்களின் மந்தைக்குத் தாமே நீர் இறைத்தார். மணமகனின் படிப்பையும் ஊதியத்தையும் விசாரிக்கும் நாம், வலுவற்றவர் பக்கம் நிற்கும் மனம் அவனுக்கு உண்டா என்று விசாரிக்கிறோமா?

மற்றொரு தவறான பாடமும் நம் சமூகத்தில் வேரூன்றியுள்ளது. ஆபிரகாம் தம் இனத்தாரிடமே பெண் கொள்ளச் சொன்னார் என்பதைச் சாதிக்குள் மணம் முடிப்பதற்கு விவிலியச் சான்றாகக் காட்டுவோர் இன்றும் உள்ளனர். ஞானஸ்நானத் தொட்டியில் ஒன்றானவர்கள் மணமேடையில் மட்டும் பிரிந்து நிற்பதற்கு ஆபிரகாமையா துணைக்கு அழைப்பது? அவருடைய கவலை வாக்குறுதியைப் பற்றியது. மகனை எக்காரணம் கொண்டும் பழைய நாட்டிற்குத் திரும்ப அழைத்துச் செல்லக் கூடாது என்று இருமுறை எச்சரிக்கிறார். இரத்த உறவே பெரிதெனில் அங்கேயே மகனைக் குடியமர்த்தியிருக்கலாம். தாம் செய்தது போலவே நாட்டையும் தந்தை வீட்டையும் விட்டு, காணாத இடம் நோக்கிப் புறப்படத் துணியும் ஒருத்தியையே அவர் நாடினார்.

ஊழியரின் செபத்திலும் குலத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரக்கத்தைக் கண்டு, பொன் நகைகளைக் கையில் எடுத்த பின்னரே 'நீ யார் மகள்' என்று வினவுகிறார். பின்னர் பெண் வீட்டாரிடம் நடந்ததை விவரிக்கும்போது வரிசையை மாற்றி, குலத்தை விசாரித்த பிறகே நகை அணிவித்ததாகக் கூறுகிறார். பெரியவர்கள் எந்த வரிசையை எதிர்பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்! கடவுளின் முன்னிலையில் அவர் கொண்ட வரிசையோ வேறு. மோசே கூசு நாட்டுப் பெண்ணை மணந்ததைப் பழித்த மிரியாமே தண்டனை பெற்றாள் என்பதையும், மோவாபியப் பெண்ணான ரூத்து நம் ஆண்டவரின் குலவரிசையில் இடம்பெற்றாள் என்பதையும் இவ்வாதம் செய்வோர் மறந்துவிடலாகாது.

இனி, இவ்வரலாற்றின் நடுநாயகமான செய்திக்கு வருவோம். இறைவன் நடத்துகிறார் என்ற உறுதி இவ்வதிகாரம் முழுவதிலும் ஒலிக்கிறது. ஆயினும் 'இல்லை' என்று சொல்வதற்கு மூன்று முறை இதில் இடம் விடப்படுகிறது.

முதலாவது, ஆபிரகாமின் வாயிலாக. ஆண்டவர் தம் தூதரை முன்னே அனுப்புவார் என்று 7ஆம் வசனத்தில் உறுதி கூறுபவர், அடுத்த வசனத்திலேயே, அப்பெண் வர விரும்பாவிடில் ஊழியர் தம் ஆணையிலிருந்து விடுபடுவார் என்கிறார். வானதூதர் முன்செல்லும் பயணத்திலும் ஒரு பெண்ணின் மறுப்புக்கு மதிப்பு உண்டு என்பதை அவர் முன்னரே ஏற்றுக்கொள்கிறார். இது விசுவாசக் குறைவன்று. இறைவன் யாரையும் இழுத்துச் செல்வதில்லை என்று அறிந்தவரின் விசுவாசம் இது.

இரண்டாவது, ஊழியரின் வாயிலாக. கேட்ட அடையாளம் கிடைத்தபோதும் அவர் துள்ளிக் குதிக்கவில்லை; அமைதியாகக் கவனித்துக்கொண்டிருந்தார். பெண் வீட்டாரிடம் அனைத்தையும் விளக்கிய பின், விருப்பமில்லை எனில் கூறிவிடுங்கள், நான் வலமோ இடமோ என் வழியைப் பார்த்துக்கொள்கிறேன் என்ற பொருளில் பேசுகிறார். 'இது தெய்வ சித்தம், மறுத்தால் பாவம்' என்று அவர் மிரட்டவில்லை.

மூன்றாவதே மிக முக்கியமானது. இச்செயல் ஆண்டவரிடமிருந்து வந்தது, நாங்கள் மறுத்துப் பேச முடியாது என்று லாபானும் பெத்துவேலும் ஒப்புக்கொண்டுவிட்டனர். விருந்தும் முடிந்தது, சீர்ப் பொருள்களும் கைமாறின. ஆயினும் மறுநாள் காலையில் பெண்ணை அழைத்து, இம்மனிதரோடு செல்கிறாயா என்று கேட்கின்றனர். உடனே புறப்படுவதா, சில நாள் தங்குவதா என்ற பேச்சில் எழுந்த வினா அது என்பது உண்மையே. எனினும் பெண்ணின் சம்மதமின்றி அவளை மணம் செய்துகொடுக்கலாகாது என்ற நெறியை யூத அறிஞர்கள் இவ்வசனத்திலிருந்தே வகுத்தனர். 11ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற உரையாசிரியர் ராஷியும் அவ்வாறே உரை கண்டார். ரெபேக்கா அளித்த விடை எபிரேய மூலத்தில் ஒரே சொல். அந்த ஒரு சொல்லுக்காகவே 57 வசனங்கள் காத்திருந்தன எனலாம்.

திருச்சபையும் இந்நெறியைத் தன் சட்டமாகவே கொண்டுள்ளது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, மணமக்களின் சம்மதமே திருமணத்தை உருவாக்குகிறது என்றும், அச்சம்மதத்தை வேறெந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய இயலாது என்றும் 1057ஆம் பிரிவில் கூறுகிறது. வற்புறுத்தலாலோ கடும் அச்சத்தாலோ நிகழ்ந்த திருமணம் செல்லாது என்கிறது 1103ஆம் பிரிவு. பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு நல்லறிவு புகட்டலாம். ஆனால் நேரடியாகவோ மறைமுகமாகவோ திருமணத்திற்கு வற்புறுத்தலாகாது என்பது 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏட்டின் படிப்பினை. 'மறைமுகமாக' என்ற சொல் நம் வீடுகளுக்கு மிகவும் பொருந்துகிறது. தாயின் கண்ணீரும் தந்தையின் மௌனமும், மண்டபத்திற்குக் கட்டிய முன்பணமும், 'உன் தங்கையின் வாழ்வை நினைத்துப் பார்' என்ற சொல்லும் கைவிலங்கை விட வலியவை.

இவ்வாறு காத்திருப்பது இறைவனின் இயல்பே ஆகும். நாசரேத்தில், யோசேப்புக்கு மண ஒப்பந்தமாகியிருந்த கன்னியிடம் கபிரியேல் தூதர் வந்தபோது, மீட்பின் திட்டம் முழுவதும் அவ்விளம் பெண்ணின் விடைக்காகக் காத்திருந்தது. அக்கணத்தில் வானமும் வையமும் மரியாவின் பதிலை எதிர்நோக்கி நின்றதாகப் புனித பெர்நார்து தம் மறையுரையில் சிந்தித்தார். மீட்பருக்குத் தாயாகும்படி மரியாவைக் கட்டாயப்படுத்தாத கடவுள், நம் மகளையோ மகனையோ ஒரு மணவாழ்வுக்குள் தள்ளிவிடச் சொல்வாரா?

இறுதியாக, இந்த வரலாற்றின் பின்பகுதியையும் மறைக்காமல் நோக்குவது நேர்மை. இத்துணை செபத்தோடும் இசைவோடும் நிகழ்ந்த அத்திருமணத்தில் துன்பம் இல்லாமலில்லை. ஈசாக்கு மணந்தபோது அவருக்கு வயது 40. மக்கள் பிறந்தபோது 60. இருபது ஆண்டுகள் அவர்கள் குழந்தைக்காகக் காத்திருந்தனர். பின்னர்ப் பிறந்த இரட்டையரில் தந்தை ஒருவனையும் தாய் மற்றவனையும் அதிகமாக நேசித்தனர். பார்வை மங்கிய கணவரை ஏமாற்றவும் ரெபேக்கா துணிந்தாள். ஆதலால் இறைவனின் வழிநடத்துதல், இன்பமான இல்லறத்திற்குத் தரப்படும் உத்தரவாதச் சீட்டு அன்று. நவநாள் செபித்து நடத்திய திருமணம் கசந்துபோனதைக் கண்டு, 'எங்கள் செபம் பொய்யா' என்று குமுறும் பெற்றோருக்கு இவ்வுண்மை ஆறுதலாக அமையக்கூடும். வழிகாட்டுதல் திருமண நாளோடு முடிவதில்லை. கருவில் குழந்தைகள் மோதிக்கொண்டபோது ரெபேக்கா தானே ஆண்டவரிடம் சென்று காரணம் கேட்டாள் என்கிறது 25ஆம் அதிகாரம். இசைவு தெரிவித்த அதே பெண், இன்னலிலும் இறைவனோடு நேரடியாகப் பேசும் உரிமை உடையவளாயிருந்தாள்.

ஆகவே, வீட்டில் மணப்பேச்சு தொடங்கும்போது நாம் செபிப்போம். ஏற்ற இடத்தில், ஏற்ற வேளையில் தேடுவோம். குலத்தையும் கொடுக்கல் வாங்கலையும் அல்ல, குணத்தையே அடையாளமாகக் கேட்போம். மண்டபத்திற்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னரே மகளையும் மகனையும் தனியே அமர்த்தி, 'உனக்கு விருப்பமா?' என்று கேட்போம். 'இல்லை' என்ற விடை வந்தாலும் அன்பு குறையாது என்று அவர்கள் நம்பும் வகையில் கேட்போம். அவ்வாறு கேட்கப்பட்ட வீட்டில் ஒலிக்கும் சம்மதமே, இறைவன் திருவுளப்படி என்று அழைப்பிதழில் அச்சிடுவதற்குத் தகுதியுடையது.