பத்து வயதும் தகுதியும்

பள்ளிக்கூடங்களை நாட்டுக்கு நாடு ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பாடத்திட்டம், வகுப்பு நேரம், ஆசிரியர் சம்பளம் என்பதோடு நின்றுவிடுகிறார்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் கிடக்கும் கேள்வி வேறு. ஒரு குழந்தையைப் பார்த்து 'நீ இன்ன ரகம்' என்று சொல்லும் அதிகாரத்தை ஒரு சமூகம் எந்த வயதில் எடுத்துக்கொள்கிறது?

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் அந்த வயது பத்து. நான்காம் வகுப்பில், மே மாதம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சான்றிதழ் தரப்படுகிறது. ஜெர்மன் மொழி, கணிதம், சுற்றுப்புறப் பாடம் மூன்றிலும் சேர்த்துச் சராசரி 2.33க்குள் இருந்தால் (அங்கே 1 தான் உயர்ந்த மதிப்பெண்) கிம்னாசியம். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு நேர்வழி. 2.66 வரை ரெயால்ஷூலே. மற்றவர்களுக்கு மிட்டல்ஷூலே, பிறகு பெரும்பாலும் தொழில். கதவு ஒரேயடியாகச் சாத்தப்படுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். சோதனை வகுப்புகள் உண்டு. பின்னால் மேலேறுவதற்குச் சுற்றுவழிகளும் உண்டு. ஆனால் சுற்றிப் போகவேண்டியவர் யார் என்பது பத்து வயதில் தெரிந்துவிடுகிறது.

இந்த 2.33 யாருடையது? பிள்ளையுடையது என்று சான்றிதழ் சொல்கிறது. வீட்டில் புத்தகம் இருந்ததும், அம்மா பேசிய மொழியே பள்ளிக்கூடத்தின் மொழியாக இருந்ததும், சாயங்காலம் அப்பாவுக்குப் பொறுமை மிச்சமிருந்ததும் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கின்றன. 2001இல் வெளியான முதல் பீசா ஆய்வு, குடும்பப் பின்னணிக்கும் தேர்ச்சிக்கும் உள்ள பிணைப்பு மிக இறுக்கமாக இருந்த நாடுகளில் ஜெர்மனியைக் காட்டியது. நாடே அதிர்ந்துபோயிற்று. பிறப்பை வாசல் வழியே துரத்தியாயிற்று என்று நம்பியிருந்தவர்கள் அல்லவா?

பிறப்பால் கீழே நிறுத்தப்பட்டவன் அதை அநியாயம் என்று சொல்லலாம். அவனுக்கு அந்த ஒரு சொத்தாவது உண்டு. தகுதியால் நிறுத்தப்பட்டவனிடமிருந்து அதுவும் பறிபோகிறது. தன்மேல் விழுந்த தீர்ப்புக்கு அவனே சாட்சியாகிவிடுகிறான். பதினோரு வயதுப் பரீட்சை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்த இங்கிலாந்தில் இருந்துகொண்டு மைக்கேல் யங் 1958இல் எழுதிய நையாண்டி நூல் இதைத்தான் கண்டது. தகுதியாட்சியைக் கேலி செய்ய அவர் புழங்கவிட்ட சொல்லை அரசியல்வாதிகள் பாராட்டாக எடுத்துக்கொண்டார்கள். 2001இல் அவரே அதற்காக வருந்தி எழுதவேண்டி வந்தது.

'கைத்தொழில் தாழ்ந்தது என்று யார் சொன்னது? பட்டறையில் பயிற்சி, அதற்குச் சம்பளம், கௌரவமான வேலை, இவை அவமானமா?' இப்படி ஜெர்மன் முறைக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. இது பலமான வாதம். கம்மியனும் வக்கீலும் உண்மையிலேயே சமமாக மதிக்கப்படும் இடத்தில் பிரித்தல் வெறும் பங்கீடாகத்தான் இருக்கும்.

பின்லாந்தும் பிரிக்கத்தான் செய்கிறது. அதைப் புகழ்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 1972இல் வடகோடி லாப்லாந்தில் தொடங்கி 1977இல் ஹெல்சிங்கி வந்துசேர்ந்த சீர்திருத்தம் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்பது வருஷம் ஒரே பள்ளியில் வைத்தது. அதன் உள்ளேயே கணிதத்துக்கும் மொழிகளுக்கும் இருந்த தரவாரிப் பிரிவுகள் 1985இல்தான் எடுக்கப்பட்டன. 16 வயதில் அங்கேயும் பாதை இரண்டாகிறது. வித்தியாசம் ஆறு வருஷம்தான் என்றாலும் அது வெறும் கால அளவு அல்ல என்று நினைக்கிறேன். பதினாறு வயதுப் பெண் 'எனக்கு இது வேண்டாம்' என்று எதிர்த்துப் பேசுவாள். பத்து வயதுப் பிள்ளை தலையை ஆட்டும். பதில் பேசத் தெரியாதவர்மேல் தீர்ப்பெழுதுவது எந்த நியாயத்தில் சேர்த்தி?

ஹாம்பர்க் நகரம் இந்தக் கேள்வியை வாக்கெடுப்புக்கே விட்டது. ஆரம்பப்பள்ளியை நான்கிலிருந்து ஆறு வருஷமாக்கும் திட்டத்தைச் சட்டசபையின் எல்லாக் கட்சிகளும் ஆதரித்தன. 2010 ஜூலை 18 அன்று மக்கள் அதைத் தோற்கடித்தார்கள். வசதியான பகுதிகளில் வாக்களித்தவர்கள் அதிகம், ஏழைப் பகுதிகளில் குறைவு. ஜெர்மன் குடியுரிமை இல்லாத பெற்றோருக்கு வாக்கே இல்லை. வேண்டாம் என்றவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். தன் பிள்ளைக்கு நல்லது வேண்டும் என்று நினைத்துத்தான் அவர்கள் போனார்கள். அந்தப் பாசம் அடுத்த வீட்டுப் பிள்ளையின் கணக்கில் என்னவாக எழுதப்படுகிறது என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கைத்தொழிலின் கௌரவம் பற்றிய அந்த வாதமும் அன்றைக்கு உதவவில்லை; பட்டறையைத் தன் பிள்ளைக்குச் சமமான இடமாக நினைத்திருந்தால் கிம்னாசியத்தின் வாசலை இத்தனை அவசரமாகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நகர மேயர் அன்றே பதவி விலகுவதாக அறிவித்தார். ஹாம்பர்க்கில் இன்றும் ஆரம்பப்பள்ளி நான்கு வருஷம்தான்.